அறுபத்திரண்டு கேள்விகள்

பர்மிங்ஹாம்,
14-1-1962

அன்புள்ள சேதுலட்சுமி ஆச்சிக்கு,

தம்பி வயிரவன் வணக்கத்துடன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, குளிர்தான் தாங்கவில்லை. நீங்கள் இடித்துக் கொடுத்த பருப்புப்பொடி போன வாரத்தோடு தீர்ந்தது. இனி வெறும் உருளைக்கிழங்குதான்.

ஒரு முக்கியமான சேதி. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் என்னைக் குழந்தைகள் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே பதினோரு பிள்ளைகள். கண், காது எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, முகத்தைப் பார்ப்பதில்லை, பேச்சும் இல்லை. ஒரு பையன் காலையிலிருந்து தட்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறான். நம் பிச்சப்பனே அரிமளத்திலிருந்து வந்து உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

ஆச்சி, உங்கள் பிள்ளை செவிடு இல்லை. அவனுக்குப் பேய் பிடிக்கவும் இல்லை. இதற்கு ஆட்டிசம் என்று பெயர். பெயர் வைத்தே இருபது வருஷம்தான் ஆகிறது. ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. என் புரொபசர் அதைக் கண்டுபிடிக்கத்தான் பல தேசத்துத் தாய்மார்களிடம் விவரம் சேர்த்து வருகிறார். நம் நாட்டிலிருந்து ஒருவர்கூட இல்லை. உங்களைப் பற்றிச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கேள்விகள் அறுபத்திரண்டு. எல்லாவற்றையும் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எதையும் ஒளிக்காமல் பதில் எழுதுங்கள். காரணம் தெரிந்தால் மருந்தும் தெரிந்துவிடும். அயித்தானுக்கு என் வணக்கம்.

தங்கள் தம்பி,
வயிரவன்


சிவமயம்
அரிமளம்,
9-2-1962

பெரிய டாக்டர் தம்பி வயிரவனுக்கு,

ஆச்சி ஆசீர்வாதம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பேய் இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரிக்கே உனக்கு ஒரு டின் நெய் அனுப்பலாம். ஆறு வருஷத்தில் அந்தப் பிள்ளை மேல் எத்தனை வேப்பிலை, எத்தனை விபூதி! போன மாதம்கூட உன் அயித்தான் புதுக்கோட்டைக் கடையை அடைத்துவிட்டு பேயோட்ட யாரோ ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்தார். இனி வரட்டும், உன் கடிதத்தைக் காட்டுகிறேன்.

அடேயப்பா, அறுபத்திரண்டு கேள்வி! எட்டாம் கிளாஸ் பரீட்சையில்கூட எனக்கு இத்தனை கேட்கவில்லை. தனித்தாளில் எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன். சிலதை மட்டும் இங்கே விளக்கிச் சொல்கிறேன்.

ஏழாவது, கர்ப்பத்தில் காய்ச்சல். ஐந்தாம் மாதம் மூன்று நாள் இருந்தது. பன்னிரண்டாவது, கீழே விழுந்தாயா என்பது. விழவில்லை. ஆனால் கிரகணத்தன்று நான் வெற்றிலை கிள்ளியதுதான் காரணம் என்று என் மாமியார் ஆறு வருஷமாகச் சொல்லி வருகிறார். உன் புரொபசர் கிரகணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லையே, மறந்துவிட்டாரா? பத்தொன்பதாவது, கர்ப்ப காலத்தில் மனக்கவலை உண்டா என்பது. இரண்டைப் புதைத்துவிட்டு மூன்றாவதைச் சுமந்தவளிடம் கேட்கிற கேள்வியாடா இது?

முப்பத்தொன்றிலிருந்து எல்லாம் ஒரே மாதிரி. தூக்கினாயா, கொஞ்சினாயா, முத்தம் கொடுத்தாயா, என்ன சொல்லி அழைப்பாய். இதற்குத்தான் எழுதக் கை வரவில்லை. ஒளிக்காதே என்கிறாய், அதனால் எழுதுகிறேன்.

மூத்தவன் பதினோராம் நாள் போனான். அடுத்தவள் ஏழு மாதம் இருந்தாள், தவழத் தொடங்கிய வாரத்தில் போனாள். இவனாவது தங்க வேண்டுமே என்று மூன்றாம் நாளே தவிட்டுக்கு விற்றோம். வீட்டில் நெல் குத்தும் ராக்காயி கொல்லை வாசலில் நின்று ஒரு சொளகு தவிடு கொடுத்தாள். நான் பிள்ளையை அவள் மடியில் போட்டேன். மூக்குக் குத்திச் செப்புக் கம்பி போட்டு, பிச்சப்பன் என்று பெயர் வைத்தவளும் அவள்தான். அன்றிலிருந்து அவன் அவள் பிள்ளை. என் பிள்ளை என்று நான் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் எமனுக்கு அடையாளம் தெரிந்துவிடும். பசித்து அழுதால், "ராக்காயி, ஒம்பிள்ளை அழுகுது, நான் பால் குடுக்கட்டா?" என்று கேட்டுத்தான் வாங்குவேன். அவளும் சிரிக்காமல், "குடுங்க ஆச்சி, குடுத்துட்டுப் பத்திரமாத் திருப்பித் தந்துருங்க" என்பாள். நல்ல கூத்து. ஆனால் பிள்ளை தங்கினான்.

ஆகையால் பதில் இதுதான். தூக்கினேன், அடுத்தவள் பிள்ளையைத் தூக்குவது மாதிரி. முத்தம் கொடுத்ததில்லை. அழைப்பது, ராக்காயி மகனே என்று.

அவன் தூங்கும்போது பாதத்தை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொள்வேன். இதை எந்தக் கேள்விக்குக் கீழே எழுதுவது என்று தெரியவில்லை, நீயே பார்த்துச் சேர்த்துக்கொள். சீக்கிரம் மருந்து அனுப்பு. ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தான் என்றால் போதும், அதற்கு மேல் நான் எதுவும் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
சேதுலட்சுமி


பர்மிங்ஹாம்,
22-4-1962

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் பதில்களை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தேன். புரொபசர் இரண்டு நாள் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை. சென்ற வாரம் டாக்டர்கள் கூட்டத்தில் என்னையே படிக்கச் சொன்னார். நாற்பது பேர் கேட்டார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். கட்டுரை அச்சில் வரப்போகிறது, அதில் என் பெயரும் இருக்கும். நம் ஊர்க்காரன் ஒருவன் பெயர் இந்தப் பத்திரிகையில் வருவது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அவர் கருத்தையும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். இந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் பாசத்தை வெளிக்காட்டாதவர்கள் என்பது அவருடைய கொள்கை. தாயிடம் கதகதப்புக் கிடைக்காத குழந்தை தனக்குள்ளேயே ஒடுங்கிவிடுகிறது என்கிறார். இதற்கு உங்கள் பதிலைப் போலத் தெளிவான சான்று அவருக்கு இதுவரை கிடைத்ததில்லையாம். மூன்றாம் நாள் பிள்ளையை விற்ற தாய், முத்தமிடாத தாய், மகன் என்று அழைக்காத தாய் என்றுதான் கட்டுரை தொடங்குகிறது. இதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இது விஞ்ஞானம், இதில் யார் மேலும் கோபம் கிடையாது.

ஒரு வழியும் சொல்கிறார். ஓரிரு வருஷம் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைத்தால் முன்னேற்றம் இருக்குமாம். சென்னையில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று ஒரு விடுதி இருக்கிறது. ஏற்பாடுகள் ஆண்கள் செய்ய வேண்டியவை என்பதால் அயித்தானுக்குத் தனியாக விவரமாக எழுதிவிட்டேன்.

தங்கள் தம்பி,
வயிரவன்


அரிமளம்,
18-5-1962

வயிரவனுக்கு,

நீ உன் அயித்தானுக்கு எழுதிய கடிதம் எனக்கு எழுதியதற்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. பங்காளிகள் எல்லாரும் இருந்தார்கள். முகப்பில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். நான் காபி கொண்டு போனேன். 'தாயே காரணம்' என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

என் மாமியார் மாரில் அடித்துக்கொண்டார். "பெத்தவளே பிள்ளையக் கெடுத்துப்புட்டாளே! நான் சொல்லலப்பா, அவ கூடப்பொறந்தவன் சீமையிலேருந்து எழுதியிருக்கான்!" தவிட்டுக்கு விற்கச் சொன்னதே இந்த மாமியார்தான். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் ராக்காயிதான். நான் அந்தப் பக்கம் போனால், "தள்ளி நில்லு" என்கிறார்கள். ஆவணி பிறந்ததும் சென்னையில் கொண்டுபோய் விடுவது என்று முடிவாகிவிட்டது. சோற்றில் கீரை பட்டால் தொடமாட்டான், சட்டைப் பித்தான் கழுத்தில் பட்டால் அலறுவான் என்று அங்கே யாரிடம் சொல்லி அனுப்புவது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். விற்றோம் என்று எழுதினாய். ஏன் விற்றோம் என்று எழுதினாயா? போன இரண்டையும் எழுதினாயா? பாதத்தைக் கன்னத்தில் வைத்ததை எழுதினாயா?

நான்தானா தம்பி? என்னாலதானா? ஆமாம் என்றால் ஆமாம் என்று சொல்லிவிடு. நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

சேதுலட்சுமி


பர்மிங்ஹாம்,
10-6-1962

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் கடிதம் என்னை மிகவும் வருத்தியது. அயித்தான் எல்லார் முன்னாலும் படிப்பார் என்று நான் நினைக்கவில்லை.

ஏன் என்று எழுதுவதற்குப் படிவத்தில் இடம் இல்லை. என்ன செய்தாள் என்பதை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறார்கள். காரணத்தை ஆளுக்கொன்று சொல்வார்கள், செயல்தான் சான்று என்பது இங்கே முறை. இரண்டு குழந்தைகள் இறந்ததை வேறொரு பக்கத்தில் குறித்திருக்கிறேன். பாதத்தைப் பற்றியது எந்தக் கேள்விக்கும் பொருந்தாததால் விட்டுவிட்டேன்.

உங்களை யாரும் குற்றவாளி என்று சொல்லவில்லை. அறியாமல் நடந்தது. ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை நன்மைக்குத்தானே.

தங்கள் தம்பி,
வயிரவன்


அரிமளம்,
5-8-1962

தம்பி வயிரவனுக்கு,

உன் பதிலைப் படித்துவிட்டு ஒரு வாரம் படுத்தே கிடந்தேன். எட்டாம் நாள் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் பசியும் வந்தது. எழுந்து பழைய சோறு தின்றுவிட்டு யோசித்தேன். தவிட்டுக்கு விற்றதுதான் காரணம் என்றால், விற்ற பிள்ளைகள் எல்லாம் இப்படி அல்லவா இருக்க வேண்டும்? இதை உன் புரொபசர் கேட்டாரா? நீ கேட்டாயா?

சரி, நானே கேட்கிறேன் என்று கிளம்பினேன். கோயிலுக்கு நேர்த்தி என்று வீட்டில் சொல்லிவிட்டு ராக்காயியைக் கூட்டிக்கொண்டு அரிமளத்தில் வீடு வீடாகப் போனேன். பிறகு கடியாபட்டி, நாம் பிறந்த ராயவரம். ஐந்து வாரம் அலைந்தேன். செருப்பு பிய்ந்துவிட்டது. "ஒங்க வீட்ல தவிட்டுக்கு வித்த பிள்ளை உண்டாங்க?" என்று கேட்டால் முதலில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பிறகு உட்காரவைத்து எல்லாக் கதையும் சொல்வார்கள். அவர்களையும் அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

மூன்று ஊரிலுமாக முப்பத்தொரு பேர். பிச்சப்பனைத் தவிர மற்ற முப்பது பேருக்கும் வாய் இருக்கிறது. ராயவரத்தில் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், அவர் பேச்சை நிறுத்த நான்தான் எழுந்து வர வேண்டியிருந்தது. கடியாபட்டி முத்தாள் மகள் மூன்று வயதிலேயே என்னை, "ஆச்சி, ஏன் கறுப்பா இருக்கீக?" என்று கேட்டது. அந்த முப்பது பேரில் யாருடைய ஆத்தாளும் என் பிள்ளை என்று சொன்னதில்லை, ஊர் பார்க்கக் கொஞ்சியதும் இல்லை.

அத்தோடு விடவில்லை. சந்தைக்குப் போய் வந்த ராக்காயி, "அங்கிட்டு குடுமியாமலைப் பக்கம் நம்ம பிள்ளை மாதிரியே ஒண்ணு இருக்காம் ஆச்சி" என்றாள். பஸ் ஏறிப் போனேன். செவந்தி என்று ஒரு விவசாயி வீட்டுப் பெண். மகன் நாகராசுக்கு எட்டு வயது. நிலக்கடலையை ஒரு முழத்துக்கு வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன், நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஒன்றை நகர்த்திவைத்தேன், அலறினான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவனை யாருக்கும் விற்கவில்லை. தலைப்பிள்ளை, ஏழு வருஷம் ஏங்கிப் பெற்றது. களை எடுக்கும்போதுகூட முதுகில் கட்டிக்கொண்டுதான் போவாளாம். அவள் என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "எறக்கி விடாமத் தூக்கிக் கொஞ்சுனதுலதான் இப்புடி ஆயிட்டான்னு எங்க ஊருல என்னையத்தான் சொல்றாக ஆச்சி." நான் கொஞ்சாததால் கெட்டான், அவள் கொஞ்சியதால் கெட்டான்! அவள் வீட்டு மண் தரையில் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு முழுசாக வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த முப்பது பேரில் ஒருவன் நீ. நமக்கு நடுவில் மூன்று போன பிறகு நீ பிறந்தாய். ஆத்தா உன்னை இருளாயி என்கிறவளிடம் விற்றாள். எனக்கு அப்போது ஒன்பது வயது, தவிட்டுச் சொளகைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். கண்ணாடியில் மூக்கின் வலப்பக்கம் பார், தழும்பு இருக்கும். ஆத்தா உன்னை மகனே என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நீ முடங்கிப் போகவில்லையே. சீமைக்குப் போய் நாற்பது டாக்டர்களுக்கு முன்னால் பேசுகிறாயே.

ஆவணி பிறக்கப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. கடிதம் போதாது, உன் அயித்தானுக்குத் தந்தி அடி. 'பிள்ளையை அனுப்ப வேண்டாம்' என்று மட்டும் அடித்தால் போதும். நான் சொன்னால் கேட்கமாட்டார். சீமை டாக்டர் சொன்னால் கேட்பார்.

உன் ஆச்சி,
சேதுலட்சுமி


பர்மிங்ஹாம்,
2-9-1962

அன்புள்ள ஆச்சிக்கு,

நான் தந்தி அடிக்கவில்லை. புரொபசர் விடுமுறையில் போயிருந்தார். அவரைக் கேட்காமல் அவர் சொன்னதற்கு மாறாக எழுதக் கூடாது என்று காத்திருந்தேன். அவர் திரும்பியபோது ஆவணி பிறந்து பத்து நாள் ஆகிவிட்டது. இதற்கு நான் என்ன சமாதானம் சொன்னாலும் அது சமாதானம் ஆகாது.

நீங்கள் சேர்த்த விவரங்களை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். குற்ற உணர்ச்சி உள்ள தாய்மார்கள் இப்படித்தான் சான்று தேடி அலைவார்கள் என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. நீங்கள் ஐந்து வாரத்தில் செய்ததை இந்த ஆஸ்பத்திரியில் ஐந்து வருஷமாக யாரும் செய்யவில்லை. ஒரே மாதிரி வளர்ந்த முப்பது பேரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆனால் கட்டுரை அச்சாகிவிட்டது.

என் முதல் கடிதத்தை நம்ப வேண்டாம், பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம் என்று அயித்தானுக்கு இன்று எழுதிப் போட்டுவிட்டேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. முப்பது பேரைப் பற்றியும் புரொபசரிடம் சொன்னேன். அதில் ஒருவன் எதிரிலேயே நிற்கிறான் என்று மட்டும் சொல்லவில்லை. வாய்வரை வந்தது. அதன் பிறகு நம் ஆத்தாவையும் அப்படித்தானே பார்ப்பார்கள் என்று தோன்றியது, விழுங்கிவிட்டேன். என்னை மன்னியுங்கள்.

தம்பி,
வயிரவன்


அரிமளம்,
28-10-1962

வயிரவனுக்கு,

எனக்கும் உன் அயித்தானுக்கும் நீ எழுதிய கடிதங்கள் இரண்டும் வந்தன. அதற்கு முன்பே, ஆவணி பிறந்ததும் பிள்ளையைச் சென்னையில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். முதல் கடிதத்தை முகப்பில் உட்கார்ந்து ஊர் கேட்கப் படித்த உன் அயித்தான், இந்தக் கடிதத்தை நின்றபடியே படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். யாருக்கும் படித்துக் காட்டவில்லை. இரண்டு வாரம் பார்த்தேன். பையிலிருந்து அது வெளியே வரவே இல்லை.

மூன்றாம் வாரம் நானும் ராக்காயியும் புதுக்கோட்டையில் ரயில் ஏறினோம். அதற்கு முன் நான் ஆண்துணை இல்லாமல் ரயில் ஏறியதில்லை. எழும்பூரில் இறங்கி, விலாசத்தை நாலு பேரிடம் காட்டி, ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

விடுதிக்காரம்மா நோட்டை விரித்து, "குழந்தைக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார். ராக்காயி என் முகத்தைப் பார்த்தாள். சொன்னால் பறிபோய்விடுமோ என்ற பயம் அன்றைக்கும் இருந்தது. "பெத்த ஆத்தா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். எமன் கேட்டிருந்தால் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிள்ளை பாதியாக இருந்தான். பித்தான் வைத்த சட்டையைத்தான் போட்டிருந்தார்கள். கழுத்தெல்லாம் நகக்கீறல். என்னைப் பார்க்கவில்லை. நான் கூப்பிட்டதற்கும் திரும்பவில்லை. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்தான். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கதவுத் தாழ்ப்பாளின் மேல் என் கையை வைத்தான். திற என்கிறான், தம்பி. அந்த அறையில் இரண்டு ஆயா இருந்தார்கள், ராக்காயியும் இருந்தாள். என் கையைத்தான் வந்து பிடித்தான். திறந்துவிட்டேன்.

பிள்ளையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். உன் அயித்தான் கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்து, "பிள்ளை சாப்புட்டானா?" என்றார். மாமியார் இன்னும் பேசுகிறார், பேசட்டும். ஞாயிறுதோறும் செவந்தி நாகராசுவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வருகிறாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள். நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். எதனால் வந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல எங்களுக்கு வெட்கமும் இல்லை. உன் ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த ஒரு வார்த்தையை எழுதியிருந்தால் என் பிள்ளைக்குக் கழுத்தில் கீறல் விழுந்திருக்காது.

நீ தந்தி அடிக்காததை மறந்துவிட்டேன். பயந்தவன், சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான். புரொபசர் சொன்னதை நம்பினாய், அதையும் மறந்துவிட்டேன். படித்தவர்கள் படித்தவர்களைத்தான் நம்புவார்கள். ஆனால் நம் ஆத்தாவை அப்படிப் பார்ப்பார்களே என்று விழுங்கிவிட்டதாக எழுதியிருக்கிறாய். என்னை அப்படிப் பார்த்தார்களே, அப்போது நீ கைதட்டலைக் கேட்டுக்கொண்டு நின்றாய். அவளும் நானும் செய்தது ஒன்றுதான். அவளை மறைத்தாய், என்னை அச்சில் போட்டாய். இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை.

கடிதம் எழுதாதே என்று சொல்ல மாட்டேன், நீ என் தம்பி. உன் உடம்பைப் பற்றி எழுது, அங்கே பெய்கிற பனியைப் பற்றி எழுது, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கச் சொன்னால் பார்க்கிறேன். பருப்புப்பொடி இடித்து அனுப்பியிருக்கிறேன். என் மகனைப் பற்றி மட்டும் இனி ஒரு கேள்வியும் கேட்காதே. கேட்டால் நான் பதில் எழுத மாட்டேன்.

சேதுலட்சுமி